பூட்டைப் புகழ்ந்துவிட்டுச் சாவியை ஏட்டில் எழுதுவதா?

எழுதி வைத்ததே நிலைக்கும் என்று நம்பி வளர்ந்த மக்கள் நாம். காணி உறுதி முதல் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடு வரை, எழுத்தில் உள்ளதையே நீதிமன்றிலும் சந்தையிலும் சான்றாகக் காட்டி வந்திருக்கின்றோம். ஆயின் எழுதத் தகாததையும் எழுதி வைக்கும் ஏடு ஒன்று இன்று நம் ஒவ்வொருவர் பெயராலும் நாள்தோறும் பெருகி வருகின்றது. நம்மில் எத்தனை பேர் அதனை அறிவோம்? கணினித் துறையினர் அதனை ‘லொக்’ என்பர். நிகழ்வுப் பதிவேடு என்று நாம் சொல்லலாம்.

உர மானியப் பணம் வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டுவிட்டதா என்று கமக்காரர் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் பார்க்கின்றார் என்று கொள்வோம். அவருடைய தொலைபேசி வங்கியின் கணினியிடம் கேட்கின்றது. வங்கியின் கணினி மறுமொழி சொல்கின்றது. ஒரு கணினி மற்றொன்றிடம் எவ்வாறு கேட்க வேண்டும், மற்றது எவ்வாறு விடையிறுக்க வேண்டும் என்று வகுத்த ஒழுங்கிற்கே ஏ.பி.ஐ. என்று பெயர். அந்தக் கேள்வியோடு அவருடைய அடையாள அட்டை எண் போகின்றது, கடவுச்சொல் போகின்றது, தொலைபேசிக்கு வந்த ஒருதடவைக் குறியீடும் போகின்றது. இவை சரியெனக் கண்ட பின்னர் வங்கியின் கணினி ‘ரோக்கன்’ எனப்படும் நீண்டதோர் எழுத்துச் சரத்தை வழங்கும். அதன் பின் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த ரோக்கனே அனுமதிச் சீட்டு. கணினி முகம் பார்ப்பதில்லை. ரோக்கனை வைத்திருப்பவர் எவரோ அவரே கணக்குக்கு உடையவர் என்று அது கொள்ளும்.

இத்தகைய ஒழுங்கைப் பொதுமக்களின் பாவனைக்கு விடுமுன் மென்பொருளாளர் பரிசோதிக்கின்றனர். அது வேண்டியதே, பரிசோதிக்காத மருந்தை எவரும் உட்கொள்வதில்லை. ஆனால் பரிசோதனையில் கேள்வி ஒன்று தவறிப் போனால், காரணம் காண்பதற்காகப் பரிசோதனைக் கருவி அக்கேள்வியையும் மறுமொழியையும் எழுத்துக்கு எழுத்து அச்சிட்டுப் பதிவேட்டில் சேர்க்கின்றது. கடவுச்சொல்லும் ரோக்கனும் அங்கே பச்சையாக ஏறிவிடுகின்றன. பரிசோதனை முடிந்த பின்னரும் சில வேளை இந்த ‘முழுவதையும் எழுது’ என்னும் கட்டளை அகற்றப்படுவதில்லை. பெட்டகத்திற்கு இரும்புக் கதவு உண்டு. பதிவேட்டிற்கோ பெரும்பாலும் அதுவும் இல்லை. நிறுவனத்தின் ஊழியர், ஒப்பந்தக்காரர், கோளாறு திருத்தும் வெளியார் எனப் பலர் அதனைப் புரட்டுகின்றனர். பிரதிகள் வேறு கணினிகளுக்கும் செல்கின்றன.

இது வீண் அச்சம் என்பார்க்கு உலகறிந்த சில நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

2018 மே 3ஆம் நாள், இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியிருக்கும் ருவிற்றர் நிறுவனம் தன் பாவனையாளர் ஏறத்தாழ 33 கோடி பேரையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை எவரும் வாசிக்கவியலாத உருவுக்கு மாற்றியே சேமித்து வைத்ததாக அந்நிறுவனம் விளக்கியது. பூட்டு நல்ல பூட்டே. ஆனால் அவ்வாறு மாற்றி முடிப்பதற்கு முன்பாகவே ஒரு வழுவினால் கடவுச்சொல் உட்பதிவேடு ஒன்றில் உள்ளபடியே எழுதப்பட்டு வந்தது. இதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், மென்பொருளாளர் தம் ஆக்கங்களைச் சேர்த்து வைக்கும் கிற்ஹப் நிறுவனமும், சிலருடைய கடவுச்சொற்கள் இதே வகையில் பதிவேட்டில் ஏறியதாக அறிவித்திருந்தது.

2019 மார்ச்சில் பேஸ்புக் நிறுவனம், கோடிக்கணக்கானோரின் கடவுச்சொற்கள் தன் உட்கணினிகளில் வாசிக்கத்தக்க நிலையில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. அவற்றை எவரும் முறைகேடாகப் பயன்படுத்தியமைக்குச் சான்று இல்லை என்றும் அது கூறியது. இருந்தும் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 செப்ரெம்பரில் அதன் தாய் நிறுவனமான மெற்றாவின் அயர்லாந்துக் கிளைக்கு 9 கோடியே 10 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. சட்டம் படித்தோர் இத்தீர்ப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருட்டு நடந்ததா என்பது ஒரு கேள்வி. கதவு திறந்து கிடந்ததா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கும் பொறுப்பாளி பதில் சொல்லியே ஆகவேண்டும்.

2023ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் தெளிவானது. பிற நிறுவனங்களுக்குக் கணக்கு நுழைவுச் சேவை வழங்கும் ஒக்ரா என்னும் நிறுவனத்தின் உதவிப் பிரிவு, கோளாற்றை ஆராய்வதற்காக, உலாவிக்கும் கணினிக்கும் இடையே நடந்த உரையாடல் முழுவதையும் பதிந்த ‘ஹார்’ கோப்புகளை வாடிக்கையாளரிடமிருந்து பெற்று வந்தது. அக்கோப்புகள் சிலவற்றில் செல்லுபடியான ரோக்கன்கள் இருந்தன. உதவிப் பிரிவின் அமைப்பினுள் புகுந்த திருடர் 134 வாடிக்கை நிறுவனங்களின் கோப்புகளைத் தொட்டனர்; அவற்றுள் ஐந்து நிறுவனங்களின் நடப்பு நுழைவுகளைக் கைப்பற்றினர். திருடர் பூட்டை உடைக்கவில்லை. பழுது பார்ப்பதற்கென்று உரியவர்கள் தாமே கொடுத்த பொதியில் சாவி கிடந்தது; அதனை எடுத்துக்கொண்டனர்.

2025 மார்ச்சில், கிற்ஹப் தளத்தில் 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய துணைக்கருவி ஒன்றினுள் விஷமிகள் தம் கட்டளைகளைப் புகுத்தினர். அக்கட்டளைகள் இரகசியங்களை வேறெங்கும் அனுப்பவில்லை. பரிசோதனைப் பதிவேட்டிலேயே அச்சிட்டு வைத்தன. பொதுக் களஞ்சியங்களின் பதிவேடுகளை எவரும் வாசிக்கலாம் என்பதனால் அதுவே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. தான் அறிந்த இரகசியம் பதிவேட்டில் தென்பட்டால் நட்சத்திரக் குறியிட்டு மறைக்கும் ஏற்பாடு அத்தளத்தில் உண்டு. ஆனால் அதே இரகசியத்தை வேறு குறியீட்டு முறையில் மாற்றி எழுதியபோது அந்தக் காவலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

நிற்க. “பதிவேடு இல்லாமல் பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது?” என்று மென்பொருளாளர் வினவுவர். நியாயமான வினாவே. பதிவேட்டை ஒழித்துவிடும்படி நாம் கேட்கவில்லை. திருட்டு நடந்தால் தடம் காட்டுவதும் அந்தப் பதிவேடே. ஆனால் பிழையைக் காண வேண்டியவை யாவை? எந்நேரம் கேள்வி வந்தது, எந்த வழிக்கு வந்தது, என்ன விடைக்குறி திரும்பியது, எவ்வளவு நேரம் எடுத்தது, கேள்வியின் தொடர் எண் யாது, கடவுச்சொல் என்னும் கூறு வந்ததா இல்லையா என்பனவே. கடவுச்சொல் வந்தது என்பது வேண்டும். அது இன்னது என்பது வேண்டியதில்லை. உறுதி முடித்த நொத்தாரிசு, இன்ன நாளில் இன்னார் இன்னார்க்குக் காணியைக் கையளித்தார் என்று எழுதுகின்றார். வீட்டுத் திறப்பின் அச்சை எடுத்து உறுதியில் ஒட்டி வைப்பதில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். முதலாவது, பரிசோதனைக்கு உண்மை மக்களின் விவரங்களைப் பயன்படுத்தலாகாது. அதற்கெனப் பொய்க் கணக்குகளும், விரைவில் காலாவதியாகும் ரோக்கன்களும் வேண்டும். இரண்டாவது, ‘இன்னின்னதை மறை’ என்று பட்டியலிடுவதிலும் ‘இன்னின்னதை மட்டும் எழுது’ என்று பட்டியலிடுவதே காவல். மறைக்க வேண்டியதில் ஒன்று விடுபட்டால் இரகசியம் வெளியாகும்; எழுத வேண்டியதில் ஒன்று விடுபட்டால் ஒரு வரி குறையும், அவ்வளவே. மூன்றாவது, மறைப்பு வேலை பதிவேட்டின் வாயிலிலேயே நடக்க வேண்டும். எழுதிய பின் அழிப்போம் என்பது வெள்ளம் வயலுக்குள் புகுந்த பின் வரம்பு கட்டுவதற்கு ஒப்பாகும். நான்காவது, இரகசியத்தைக் கோரிக்கையின் முகவரி வரியில் ஒருபோதும் வைக்கலாகாது. இணைய முகவரியை இடையிலுள்ள கணினிகளும் வழக்கமாகவே பதிவு செய்கின்றன. அஞ்சலுறையின் மேற்புறத்தில் இரகசியத்தை எழுதிவிட்டு அஞ்சற்காரர் வாசித்தார் என்று குறைகூறலாமா?

ஐந்தாவதே எல்லாவற்றிலும் பயனுடையது. கையூட்டுப் பெறுவோரைப் பிடிக்கக் குறியிட்ட நோட்டுகளைக் கொடுத்தனுப்புவது வழக்கம். அவ்வாறே, உலகில் வேறெங்கும் இல்லாத பொய்க் கடவுச்சொல் ஒன்றை ஆக்கிப் பரிசோதனையில் அனுப்புக. பின்னர் எல்லாப் பதிவேடுகளிலும் அச்சொல்லைத் தேடுக. அதன் மாற்றுருவங்களையும் தேடுக. எங்கேனும் அகப்பட்டால் அம்மென்பொருள் பரிசோதனையில் தேறவில்லை என்று நிறுத்தி வைக்குக. இறுதியாக, இரகசியம் ஒன்று பதிவேட்டில் ஏறிவிட்டதாகத் தெரிந்தால், வரியை அழிப்பதோடு அமையாது, சாவியையே மாற்ற வேண்டும். எத்தனை பிரதிகள் எங்கெங்கு சென்றன என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நமக்கே உரிய இடர் ஒன்றும் இங்கே உண்டு. நம் தேசிய அடையாள அட்டை எண் வெறும் தொடர் எண் அன்று. பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அத்துடன் 500 கூட்டப்படும். 2016இல் வந்த 12 இலக்க எண்ணிலும் ஆண்டு முழுமையாக நிற்பதன்றி முறை அதுவே. ஆகவே எண்ணைப் பதிவேட்டில் எழுதுபவர் உரியவரின் வயதையும் பாலையும் கூடவே எழுதிவிடுகின்றார். “எண்ணை உருமாற்றித்தானே பதிகின்றோம்” என்பதும் போதிய விடையன்று. இருக்கக்கூடிய எண்கள் மட்டானவை. கணினி ஒவ்வொன்றையும் உருமாற்றி ஒப்பிட்டு உண்மை எண்ணைக் கண்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கின்றது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மிஞ்சிய தரவைக் கையாளலாகாது, தேவைக்கு மிஞ்சிய காலம் வைத்திருக்கலாகாது, வைத்திருக்கும் வரை காக்க வேண்டும் என்னும் நெறிகளை வகுத்திருக்கின்றது. பதிவேட்டில் கிடக்கும் கடவுச்சொல் இம்மூன்று நெறிகளையும் ஒருங்கே மீறுவதாகும். ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அச்சட்டத்தின் முக்கிய பாகங்கள் அப்போது பிற்போடப்பட்டன. ஏட்டில் உள்ள சட்டம் தானாக வந்து காக்கும் என்று காத்திருப்பவர்க்கு இதுவே போதிய பாடம்.

ஒப்பந்தம் என்பது நம் கையிலுள்ள சட்டம். கூட்டுறவுச் சங்கங்களின் இயக்குநர்கள், கமக்காரர் அமைப்புகளின் செயலாளர்கள், மருத்துவமனை நடத்துவோர், பாடசாலை அதிபர்கள் ஆகியோர் இன்று மென்பொருள் வாங்குகின்றனர். விலையையும் முடிக்கும் நாளையும் கேட்கும் அவர்கள் இம்மூன்றையும் எழுத்தில் கேட்கட்டும்: எம் மக்களின் எந்தெந்த விவரம் உங்கள் பதிவேட்டில் ஏறும்? அதனை யார் யார் பார்ப்பர், எத்தனை நாள் இருக்கும்? குறியிட்ட கடவுச்சொல்லை அனுப்பித் தேடிப் பார்த்தீர்களா, அதன் பெறுபேறு எங்கே? மூன்றாவது வினாவுக்கு விடை தராத விற்பனையாளருக்குக் காசோலையில் கையொப்பம் இடாதிருக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

பணம் பறிபோனால், “கடவுச்சொல்லை யாருக்கோ சொல்லியிருப்பீர்” என்று வறியவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அவர் எவர்க்கும் சொல்லாத சொல்லை நிறுவனமே தன் ஏட்டில் எழுதி வைத்திருந்ததா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கு இடமே இல்லாதபடி பரிசோதனை மேசையிலேயே ஏட்டைத் தூய்மையாக வைத்திருப்பது மென்பொருளாளரின் கடமை. அதனைக் கேட்டு வாங்குவது நம் கடமை.