எஞ்சினுக்கும் தாயத்தா?

வீரசோழன் சந்தைக்கு ஆட்டைக் கட்டிக்கொண்டு வருகிற தோழர், அருப்புக்கோட்டை நூற்பாலையில் இரவு முறைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய தோழர், திருச்சுழிப் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போட்டுவிட்டுப் புகை படிந்த முகத்தோடு வீடு திரும்புகிற தோழர் - இவர்கள் ஏறிப் போவது காரல்ல, கப்பலல்ல. ஒரு பழைய ஸ்பிளெண்டர், இல்லையேல் ஒரு டிவிஎஸ் எக்ஸெல். மழையும் ஏமாற்றி, பேருந்தும் ஏமாற்றுகிற இந்தக் கரிசல் சீமையிலே, ஏமாற்றாமல் உழைப்பது அந்த வண்டி ஒன்றுதான். அதன் வயிற்றுக்குப் போடுகிற தீனி பெட்ரோல். தன் வயிற்றுக்குப் போடுவதைக் குறைத்துத்தான் அந்தத் தீனியைப் போடுகிறான் பாட்டாளி.

அந்தப் பாட்டாளியின் சட்டைப் பையைக் குறிவைத்து இன்று இரண்டு மந்திரங்கள் ஓதப்படுகின்றன. "அண்ணே, 95 போடட்டுமா? வண்டி பறக்கும்!" என்பது பங்க்கிலே கேட்கிற மந்திரம். "இந்தச் சீசாவை டேங்க்கிலே ஊத்துங்க, மைலேஜ் அள்ளும்!" என்பது உதிரிபாகக் கடையிலே கேட்கிற மந்திரம். தாயத்துக் கட்டினால் பேய் ஓடும் என்றானே, அவன் செம்புத் தகட்டை விற்றான். இவன் பிளாஸ்டிக் சீசாவை விற்கிறான். தகட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் காட்டவில்லை. சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்று இவனும் சொல்லவில்லை.

ஆக்டேன் என்றால் என்ன? பெட்ரோலின் வலிமையைச் சொல்லும் எண் என்று பலரும் நினைக்கிறார்கள். அல்ல, தோழர்களே, அல்ல! அது பெட்ரோலின் பொறுமையைச் சொல்லும் எண். சிலிண்டருக்குள்ளே காற்றும் பெட்ரோலும் கலந்து நிற்கின்றன. பிஸ்டன் மேலேறி அதை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடு ஏறுகிறது. பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு முனையில் பிடித்து, ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடித்தால், டொக் டொக்கென்று எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டன் கெடும். நெருக்கினாலும் வெடிக்காமல், பொறிக்குக் காத்திருக்கும் குணத்துக்குத்தான் ஆக்டேன் என்று பெயர். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேன் என்ற பொருளுக்கு 0 என்றும் வைத்து அளந்த அளவு அது.

ஸ்பிளெண்டரின் எஞ்சின் 97.2 சி.சி. அது தன் கலவையை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கலைத் தாங்க 91 ஆக்டேன் போதும். போதும் என்று சொல்வது நாமல்ல, அதற்கென்றே வடிவமைத்தார்கள். கேடிஎம் 390 போன்ற வண்டிகள் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகின்றன. அவற்றுக்கு 95 ஏற்றது. வண்டியோடு தந்த கையேட்டில் 95 என்று போட்டிருந்தால் 95 ஊற்றுங்கள், நாம் தடுக்கவில்லை. 91 என்று போட்டிருக்கிற வண்டிக்கு 95 ஊற்றுவது, எட்டு முழ வேட்டி போதுமானவன் பதினாறு முழம் வாங்கி மிச்சத்தைத் தரையிலே இழுத்துக்கொண்டு நடப்பது போல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் போக வர 70 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டம், லிட்டருக்கு 55 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 33 லிட்டர். உயர் ரகத்துக்கு லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதல் என்றாலும் மாதம் 231 ரூபாய். ஆண்டுக்கு 2,700 ரூபாய்க்கு மேல். பிள்ளையின் புத்தகப் பையும் செருப்பும் சீருடைத் தையற்கூலியும் அதற்குள் அடங்கும். அந்தப் பணம் எஞ்சினுக்குள்ளே எந்த வேலையும் செய்யாமல் புகைக்குழல் வழியே போகிறது!

இதிலே இன்னொரு வேடிக்கை. பெயர் சூட்டி விற்கிற பெட்ரோலுக்கு அடிப்படைக் கலால் வரியே வேறு. 2025 கணக்குப்படி சாதாரண பெட்ரோலுக்கு லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசு; பெயருள்ள பெட்ரோலுக்கு 2 ரூபாய் 60 காசு. பேருக்கும் வரி, பெருமைக்கும் வரி!

ஏதாவது ஒன்றைக் கலந்தால்தான் வண்டி நன்றாக ஓடும் என்ற எண்ணம் நம் மக்களுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு நியாயமான வரலாறு உண்டு. 1980 இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அது இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து போனால்தான் உள்ளே உராய்வு தணியும். கலக்காவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஒரு தலைமுறையே அப்படிக் கலந்து ஓட்டிப் பழகியது. பிறகு நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தன. எக்ஸெல்லே 2015 இல் நான்கு ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. அதற்கு ஆயில் தனி, பெட்ரோல் தனி. தேவை போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. தேவை செத்த பின்னும் உயிரோடு உலவுகிற பழக்கத்தைத்தான் மூடநம்பிக்கை என்கிறோம். கோயில் வாசலிலே இருந்தாலும் அதற்கு அதே பெயர்தான்; பெட்ரோல் பங்க் வாசலிலே இருந்தாலும் அதே பெயர்தான்.

சீசாவிலே இருப்பதெல்லாம் வெறும் தண்ணீர் என்று நாம் சொல்லவில்லை. அழுக்கு நீக்கும் மருந்துகள் உண்டு. கார்புரேட்டரிலும் வால்விலும் படிந்த பிசுக்கை அவை ஓரளவு கரைக்கும். அது சோப்பு செய்கிற வேலை. சோப்புப் போட்டுக் குளித்தவன் சுத்தமாவான், பயில்வானாவானா? மைலேஜ் குறைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டயரின் காற்று, அடைத்துக்கொண்ட ஏர் பில்டர், தேய்ந்த பிளக், வறண்ட செயின், விடாமல் உரசுகிற பிரேக். நல்ல மெக்கானிக் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அப்படியும் எஞ்சின் தட்டுகிறதா? பெட்ரோலைச் சந்தேகியுங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும், வண்டி தட்டும். வடிதாள் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும், ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்கவும், அன்றைய அடர்த்திக் கணக்கைக் கேட்கவும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கிற அந்த உரிமையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், சீசாவுக்குக் காசு கொடுக்கக் கூச்சப்படுவதில்லை!

நம் மாவட்டத்துக்கே இதில் ஓர் அனுபவம் இருக்கிறது. 1996 இல் இராஜபாளையம் பக்கத்திலிருந்து இராமர் பிள்ளை என்பவர் கிளம்பினார். தண்ணீரிலே மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்றார். நாடே அதிசயித்தது, பத்திரிகைகள் படம் போட்டன, படித்தவர்களும் வாய் பிளந்தார்கள். அந்த எரிபொருள் விற்பனைக்கும் வந்தது. பிறகு சி.பி.ஐ. வழக்குத் தொடுத்தது, அது மூலிகையல்ல, டொலுவீன், நாப்தா போன்ற சரக்குகளின் கலவை என்றது. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மந்திரத்தால் மாங்காய் விழாது என்று மேடைதோறும் பேசிய மண்ணிலேதான் இத்தனையும் நடந்தது.

இது நம் ஊர்க் கதை. உலகக் கதை இதைவிடக் கொடியது. 1921 டிசம்பரில் அமெரிக்காவிலே தாமஸ் மிட்கிலி என்ற விஞ்ஞானி, பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருளைக் கலந்தால் எஞ்சின் தட்டாது என்று கண்டுபிடித்தார். ஆக்டேன் ஏறியது உண்மை. ஆனால் 'எத்தில்' என்று அழகாகப் பெயரிட்டார்கள். ஈயம் என்ற சொல்லையே மறைத்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியிலே அந்த மருந்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப் போனார்கள். ஐந்து பேர் மாண்டார்கள். அதன் பிறகும் நிருபர்களை அழைத்து, அந்த மருந்திலே கையைக் கழுவிக் காட்டினார் மிட்கிலி! இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக ஒழிந்தது 2000 பிப்ரவரியில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021 இல். ஏறத்தாழ நூறாண்டு, எஞ்சின் தட்டாமல் இருப்பதற்காகக் குழந்தைகளின் மூளையிலே ஈயம் ஏற்றினார்கள். 'கலந்தால் நல்லது' என்று எவன் சொன்னாலும், 'எதை?' என்று கேட்பதற்குப் பாட்டாளிக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இனி டில்லியிடம் வருவோம். நாம் கேட்காமலே, நம்மைக் கேட்காமலே, ஒவ்வொரு லிட்டரிலும் ஒன்றைக் கலந்துவிட்டார்களே, எத்தனால்! 2022 ஜூனில் 10 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த இ-20 பெட்ரோல் அறிமுகம். 2030 இல் எட்டுவதாக இருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025 இலேயே எட்டிவிட்டதாகப் பெருமை. மைலேஜ் குறைகிறதே என்று மக்கள் கேட்டபோது, 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் விடை சொன்னது: எத்தனாலின் ஆக்டேன் 108.5, அதனால் நாட்டுப் பெட்ரோலே 95 ஆக உயர்ந்திருக்கிறது என்று.

நல்லது! அப்படியானால் சாதாரணக் குழாயிலேயே 95 வந்துவிட்டது. 95 என்று கூடுதல் காசு வாங்குகிற குழாய் எதற்கு? இது முதல் கேள்வி. இரண்டாவது, ஆக்டேன் ஏறியதே, மைலேஜ் ஏறியதா? ஏறாது! லிட்டருக்கு லிட்டர் அளந்தால் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. பொறுமை அதிகம், வலு குறைவு. ஆக்டேனும் வலிமையும் ஒன்றல்ல என்று நாம் மேலே சொன்னதற்கு டில்லியே சாட்சி!

பழைய வண்டிக்காரருக்கு இங்கே ஒரு சொல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பலவற்றில் ரப்பர் குழாயும் வளையமும் இந்தக் கலவையை எண்ணிச் செய்தவை அல்ல. பெட்ரோல் குழாய் ஊறி உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். சிறு செலவுதான், கசிந்தால் பெரும் கேடு. திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பிழைக்கப் போகிறவர்கள் வண்டியை மாதக்கணக்கில் திண்ணையோரம் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நீர் அடியிலே தங்கும், டேங்க் துருப்பிடிக்கும். போகும்போது டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். எந்தச் சீசாவும் செய்யாத வேலை இது.

எத்தனால் உழவனுக்கு வாழ்வு, அந்நியச் செலாவணிக்கு மிச்சம் என்கிறார்கள். உழவன் வாழட்டும், அருப்புக்கோட்டை வட்டாரத்து மக்காச்சோளக்காரர் நல்ல விலை பெறட்டும், அதை மறுக்கிற கட்சி நாமல்ல. அந்த வாழ்வுக்கான விலையை எவர் பையிலிருந்து எடுப்பது என்பதே வழக்கு. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இந்தக் கலவைக்கென்று வடிவமைக்காத இரு சக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குறையும் சக்திக்கு ஈடாக, கலந்த பெட்ரோலின் விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. முதல் வரி நடந்துவிட்டது. இரண்டாவது வரி எங்கே? எத்தனால் கொள்முதல் விலையே ஏறிவிட்டது, லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகிறது என்று கைவிரித்தது அமைச்சகம். மாதம் 33 லிட்டர் போடுகிற நம் தோழருக்கு அந்த 3, 4 விழுக்காடு ஆண்டுக்கு 12 முதல் 16 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 1,200 முதல் 1,600 ரூபாய்!

எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்பனைக்கு வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பாமரனுக்குத் தேர்வு இல்லை. பணக்காரனுக்கு? 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தது. டில்லியில் அன்றே லிட்டர் 160 ரூபாய். எத்தனால் சர்ச்சை கிளம்பியபோது விலையுயர்ந்த வண்டிக்காரர்கள் தேடி ஓடியது அந்தக் குழாயைத்தான். 91, 95, 100 என்று பெட்ரோலிலும் ஒரு வருணப் படிக்கட்டு! வீரசோழன் தோழர் கீழ்ப்படியிலே நின்று, கலந்ததை வாங்கிக்கொண்டு, முழு விலை கொடுக்க வேண்டும்.

மாநில அரசு குறைக்கலாமே என்று உபதேசம் செய்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் கழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று சட்டமன்றத்தில் சொல்லிவிட்டே குறைத்தது. டில்லி என்ன செய்தது? 2025 ஏப்ரலில், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் இறங்கிய நேரத்தில், கலால் வரியை 2 ரூபாய் ஏற்றி லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆக்கியது. அதில் மாநிலங்களோடு பங்கிடும் பானைக்குள் விழுந்தது 1 ரூபாய் 40 காசு மட்டும். மீதி 20 ரூபாய் 50 காசும் செஸ் என்றும் சிறப்புக் கூடுதல் வரி என்றும் பெயர் மாற்றிக்கொண்டு டில்லியின் பெட்டிக்கே போயிற்று. அந்தப் பெட்டியிலிருந்து, கலந்த பெட்ரோலுக்கு லிட்டருக்கு மூன்று நான்கு ரூபாய் குறைக்க முடியாதா? தன் நிபுணர்களே எழுதிக் கொடுத்த பரிந்துரையை நிறைவேற்ற டில்லி குறித்திருக்கிற தேதி எது என்று கேட்கிறோம்; தேதியைச் சொல்லட்டும்.