இழந்தவனா திருடன்?

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் அழிந்துபோயிற்று. வாங்கியவன் அதன் இன்னொரு பிரதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டான். உடனே எழுகிறது கூக்குரல்: "திருடன்! திருட்டுப் பிரதி வைத்திருக்கிறான்!" யாரைப் பார்த்து இந்தக் கூக்குரல்? விலை கொடுத்தவனைப் பார்த்து. பற்றுச்சீட்டை மடித்துப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியவனைப் பார்த்து! இந்த விந்தை நியாயத்தை நாம் ஏற்பதற்கில்லை.

மலையகத்துக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நுவரெலியாவின் ஈரத்தில் இறுவட்டு பூஞ்சணம் பிடிக்கும். அட்டன் பக்கத்தில் மின்னல் ஒன்று இறங்கினால் வன்தட்டு கருகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் வீடுகளையே விழுங்கினவே, அவ்வீடுகளோடு போன கணினிகளை யார் கணக்கெடுத்தார்? கொழும்புக் கடையில் நின்று உழைத்த அண்ணன் மாதா மாதம் மிச்சம் பிடித்துத் தங்கைக்கு வாங்கிக்கொடுத்த கணக்குப்பதிவு மென்பொருள் அந்தச் சேற்றில் புதைந்ததென்று வைத்துக்கொள்வோம். அவள் மறுபடியும் முழு விலை கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுக்க இயலாமல் அதே மென்பொருளை, அதே பதிப்பை, ஒரே ஒரு முறை இறக்கிக்கொண்டால், அவளையும் கள்ளப் பிரதிகளை ஆயிரக்கணக்கில் அடித்து விற்பவனையும் ஒரே தராசில் நிறுப்பதா?

அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, விண்ணப்பம் கொடுத்து, பிரதி பெறுகிறோம். அந்தப் பிரதியை எவரும் கள்ள அட்டை என்பதில்லை.

"சட்டம் இருக்கிறது" என்று மிரட்டுகிறார்கள். நல்லது, சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 12ஆம் பிரிவு. கணினி நிரலொன்றின் பிரதியைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டவர், அப்பிரதி தொலைந்தாலோ, அழிந்தாலோ, பயன்படாமற் போனாலோ, அதனை ஈடுசெய்வதற்கென ஆக்கியோரின் அனுமதியின்றியே ஒற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. உடைமை நீங்கினால் அந்தப் பிரதியையும் அழித்துவிட வேண்டும் என்கிறது. நியாயமான நிபந்தனைதான். ஆக, இழந்ததை ஈடுசெய்வது வேறு, திருடுவது வேறு என்பது நம்முடைய கற்பனையன்று. இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் உண்மை.

"அது நீயே முன்கூட்டி எடுத்துவைத்த காப்புப் பிரதிக்குத்தான் பொருந்தும், வேறிடத்திலிருந்து இறக்கியதற்குப் பொருந்தாது" என்பார்கள். எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அவ்வாதத்துக்கு இடமுண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், மண்சரிவு வருமென்று முன்னறிந்து பிரதியெடுத்து வேறோர் ஊரில் வைத்தவன் யோக்கியன், வைக்காதவன் கள்ளன் என்றால், அங்கே தண்டிக்கப்படுவது திருட்டா, கவனக்குறைவா?

அடுத்த அம்பு இது: "நீ வாங்கியது பொருளன்று, உரிமம் மட்டுமே!" விற்கும்போது "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று கூவியவர்கள், அழிந்தபிறகு "நீ எங்கே வாங்கினாய்?" என்கிறார்கள். 2009இல் அமேசான் நிறுவனம், விலை கொடுத்தவர்களின் வாசிப்புக் கருவிகளுக்குள் புகுந்து ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நூலை ஓசையின்றி அழித்தது. காசைத் திருப்பிக் கொடுத்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது என்பது வேறு கதை. சரி, உரிமம் என்றே கொள்வோம். தட்டு கருகினால் உரிமமும் கருகுமா? வீடு புதைந்தால் உரிமமும் புதையுமா? பொருளென்றால் ஈடுசெய்யச் சட்டம் இடங்கொடுக்கிறது. உரிமமென்றாலோ அது இன்னும் உயிரோடிருக்கிறது. பிரதி தரும் கடமை விற்றவன் தலையில் விழுகிறது. இரண்டில் எதை எடுத்தாலும் அந்தத் தங்கை திருடியல்லள்.

2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் இவ்விடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. லாத்வியாவில் இருவர் மைக்ரோசொப்ட் நிரல்களின் காப்புப் பிரதிகளை விற்ற வழக்கு அது. காப்புப் பிரதியைப் பிறருக்கு விற்கலாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஆனால் காலவரையற்ற உரிமம் பெற்றவர் மூலத் தட்டைத் தொலைத்துவிட்டால், உரிமையாளரின் வலைத்தளத்திலிருந்து நிரலை இறக்கிக்கொள்ள அவருக்கு வழியிருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதிற்று.

காகிதம் வேறு, உரிமை வேறு என்பதை மலையகத்தானுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோட்டம் விட்டுத் தோட்டம் போகத் தொழிலாளியின் கையில் 'துண்டு' இருக்க வேண்டும் என்ற முறை 1921இல்தான் ஒழிந்தது. கால்கள் தொழிலாளியுடையவை, நடக்கும் உரிமையோ துரையின் மேசைக்குள். 1948இல் நாடற்றவராக்கப்பட்டு, "காகிதத்தைக் காட்டு" என்று அலைக்கழிக்கப்பட்ட மக்களில் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டத்தின் இலக்கம் என்ன தெரியுமா? 2003ஆம் ஆண்டின் 35! புலமைச் சொத்துச் சட்டத்துக்கு நேர் முந்திய இலக்கம். இன்று பழைய பதிப்பை வலைத்தளத்திலிருந்து அகற்றிவிட்டு, "இழந்தாயா? புதியதை வாங்கு" என்கிறவர்கள் நம்மிடம் கேட்பதும் ஒரு துண்டுதான்.

பூட்டுடைத்த நிரலுக்கும், கள்ளத் திறவுச்சொல்லுக்கும், ஒரு தட்டை வாங்கிப் பத்துக் கணினிகளில் ஏற்றும் கடைக்கும் நாம் வாதாட வரவில்லை. கொழுந்தின் நிறையைக் குறைத்தால் கொதிக்கிற நாம், நிரல் எழுதுகிறவனின் கூலியைக் குறைக்கச் சம்மதிப்போமா? இறக்கும்போதே பிறருக்கும் பகிர்ந்தளிக்கும் 'டொரென்ட்' வழியும் ஈடுசெய்தல் என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது.

நாம் கேட்பது சிறியது. பற்றுச்சீட்டைக் காட்டுகிறவருக்கு நிறுவனங்கள் பழைய பதிப்பை இலவசமாகத் தரட்டும். தராவிடில் பிறிடத்திலிருந்து பழுதற்ற பிரதியை எடுப்பது குற்றமன்று என்று 12ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கப்படட்டும். மலையகத்தின் பெயரால் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருப்போர் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுந்து நிற்பார்களா?