குற்றவாளி அப்போது ஊரிலேயே இல்லை

போலந்து பியரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வாசகம் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது: ‘வெளிநாட்டுக்காரன் வாங்கினான், போலந்து பியர் செத்தது.’ முப்பது ஆண்டுகளாக இதே ஒப்பாரி. 1989-க்கு முன்னால் அந்த நாட்டு மக்கள் தங்கள் சொந்தப் பியரைத் தங்கள் பாட்டன் முறையில் காய்ச்சிக் குடித்து நிம்மதியாக இருந்தார்களாம். கம்யூனிசம் போனதும் ஹாலந்திலிருந்து ஹைனெகென் வந்தது, டென்மார்க்கிலிருந்து கார்ல்ஸ்பெர்க் வந்தது, தென்னாப்பிரிக்காவிலிருந்து எஸ்.ஏ.பி. வந்தது, அதோடு கதை முடிந்ததாம். சொத்துக் கணக்கைப் பொறுத்தவரை இதில் பொய் ஏதுமில்லை. ஜிவியெட்ஸ் இன்று ஹைனெகென் கையில் இருக்கிறது, ஓகோச்சிம் கார்ல்ஸ்பெர்க் கையில் இருக்கிறது. டிஸ்கியே, லெஹ், ஜூபர் ஆகியவற்றைக் காய்ச்சும் கொம்பானியா பிவோவார்ஸ்கா நிறுவனம் 2017-இல் ஜப்பானின் அசாஹிக்குப் போய்விட்டது. ஆனால் ‘வாங்கினான்’ என்பதிலிருந்து ‘செத்தது’ என்பதற்குத் தாவுகிறார்களே, அந்தத் தாவலுக்கு யாரும் தேதி சொல்வதில்லை. தேதிகளை வரிசையாக எழுதினால் தாவ முடியாது என்பதுதான் காரணம்.

முதலில் அந்தப் ‘பாட்டன் சொத்து’ விவகாரம். ஜிவியெட்ஸ் ஆலையை 1856-இல் நிறுவியவர் ஆஸ்திரிய இளவரசர் ஆல்பிரெக்ட் ஹாப்ஸ்பர்க். ஓகோச்சிம் ஆலையை 1845-இல் தொடங்கிய கோட்ஸ், பிழைப்புத் தேடி வந்த தெற்கு ஜெர்மனிக்காரர். டிஹி நகரத்து ஆலை பிளெஸ் பிரபுக்களின் சொத்தாக, பிரஷ்ய ஆட்சியின்கீழ் வளர்ந்தது. லூப்ளின் நகரத்தில் பியருக்குப் பேர் வாங்கித் தந்த வெட்டர் குடும்பம் ஜெர்மன் வம்சாவளி. வார்சாவின் பெரிய ஆலைக்குப் பெயரே ஹாபர்புஷ் – ஷீலே. 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இன்று ‘நம் பாரம்பரியம்’ என்று கண்ணீர் விடும் ஆலைகளில் முக்கியமானவை எழுந்ததும் பெருத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்நியன் கட்டியதை அந்நியன் வாங்கினால் பாரம்பரியம் போய்விடும், அந்நியன் கட்டியபோது மட்டும் பாரம்பரியம் பிறந்தது என்பது வினோதமான வம்சாவளிக் கணக்கு.

இதற்குப் பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். ‘அவர்கள் வந்தார்கள், வாழ்ந்தார்கள், போலந்துக்காரர்களாகவே ஆனார்கள், ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருக்கும் பங்குதாரர் அப்படியா?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்படிப் போலந்துக்காரரானவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட்டல்லவா கேட்க வேண்டும்? ஜிவியெட்ஸின் உரிமையாளராக இருந்த கரோல் ஓல்பிராக்ட் ஹாப்ஸ்பர்க் 1920-இல் சோவியத் படைக்கு எதிராகப் போலந்துச் சீருடையில் போரிட்டவர். நாஜிகள் நாட்டைப் பிடித்தபோது, ‘நான் ஜெர்மானியன்’ என்று பட்டியலில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் சொத்தும் உயிரும் பத்திரமாக இருந்திருக்கும். அவர் மறுத்தார். கெஸ்டாப்போ சிறையில் அடித்த அடியில் ஒரு கண் பார்வை போனது, உடம்பில் ஒரு பாதி செயலிழந்தது. போர் முடிந்ததும் விடுதலை பெற்ற போலந்து அவருக்கு என்ன செய்தது? ஆலையைப் பிடுங்கி அரசுடைமையாக்கியது. பிடுங்கியது வார்சா அரசு. ஹைனெகென் அங்கே தலைகாட்ட இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

சரி, அரசுடைமைக் காலத்துப் பியர் அமிர்தமாக இருந்ததா? பாஸ்சுரைஸ் செய்யாத பாட்டில் சில நாட்களில் கலங்கிப்போகும், அடியில் வண்டல் படியும். நல்ல ஜிவியெட்ஸ் ஏற்றுமதிக்குக் கப்பலேறியது. வோட்காதான் நாட்டின் பானம். பியர், கிடைத்த அன்று கிடைத்தது. 1990-வாக்கில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 30 லிட்டர்தான் குடித்தார்கள். 1990-இல் யானுஷ் ரெவின்ஸ்கி என்ற நகைச்சுவை நடிகர் பியர் நேசர் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். வோட்காவை விட்டுவிட்டு நாகரிகமான விடுதியில் உட்கார்ந்து நல்ல பியர் குடிக்க வழி செய்ய வேண்டும் என்பது கேலிபோலத் தொடங்கிய அதன் கொள்கை. 1991 தேர்தலில் அந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 16 இடங்கள் கிடைத்தன. நல்ல பியர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நாட்டில் அதைக் கேட்டு யாரும் வாக்குப் போடமாட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் தலைக்குச் சுமார் 100 லிட்டர் வரை ஏறியது. ‘செத்துப்போன’ இந்தத் தொழில் இன்று ஜெர்மனி, ஸ்பெயினுக்கு அடுத்தபடியாக ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்வரிசையில் நிற்கிறது. பிணத்துக்கு இத்தனை தெம்பு ஆகாது.

அளவைச் சொன்னால் தரத்துக்குப் போவார்கள். அப்போது மார்பில் அடித்துக்கொண்டு எடுத்து வைக்கும் துருப்புச்சீட்டு க்ரோஜிஸ்க் பியர். உண்மையிலேயே அபூர்வமான பியர்தான். அதற்காக அழுவதில் தவறில்லை. போஸ்னானுக்கு மேற்கே க்ரோஜிஸ்க் என்ற சிற்றூரில் கோதுமை மால்ட்டை, அதாவது முளைகட்டிய கோதுமையை, ஓக் கட்டைப் புகையில் உலர்த்திக் காய்ச்சினார்கள். பார்லியே சேராது. புகை மணக்கும், ஆனால் உடம்பு லேசு. ஆல்கஹால் மூன்று விழுக்காட்டைத் தாண்டாது. பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க விடுவதால் நுரை பொங்கும். உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் வெளிறிய மஞ்சளில் குமிழிகள் அடியிலிருந்து நூல்நூலாக ஏறிவரும். ‘போலந்து ஷாம்பெய்ன்’ என்று அதற்குப் பட்டப்பெயர். ஊர்ச் சந்தையிலிருந்த கிணறு வற்றிப்போனபோது பெர்னார்ட் என்ற பெனடிக்ட் சபைத் துறவி ஜெபித்து நீர் வரவழைத்தார் என்று ஐதிகம். அந்த நன்றிக்காக ஊரார் ஆண்டுதோறும் லூபின் மடத்திலுள்ள அவர் கல்லறைக்குப் பியர் பீப்பாயோடு ஊர்வலம் போவது வழக்கமாக இருந்தது. இப்படிப்பட்ட பியர் நின்றுபோனது. அதை ‘வெளிநாட்டு முதலாளியின் பேராசை கொன்றது’ என்று அடித்துச் சொல்கிறார்கள்.

அந்த ஆலை மூடப்பட்ட ஆண்டு 1993. ஹைனெகென் ஜிவியெட்ஸில் முதல் பங்கு வாங்கியது 1994. எஸ்.ஏ.பி.யும் கார்ல்ஸ்பெர்க்கும் காலடி வைத்தது அதற்கும் பிறகு. மூடியது போஸ்னானின் லெஹ் நிறுவனம். பெயரும் போலிஷ், முடிவெடுத்தவர்களும் போலந்துக்காரர்கள். கொலை நடந்தபோது குற்றவாளி ஊரிலேயே இல்லை என்றால் எந்த நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடும். இந்த வழக்கு மட்டும் முப்பது ஆண்டுகளாக நடக்கிறது. ஏன் மூடினார்கள் என்பதிலும் மர்மம் எதுவும் கிடையாது. கோதுமையைத் தனியாக மால்ட் செய்ய வேண்டும், தனியாகப் புகை போட வேண்டும், பாட்டிலில் வாரக்கணக்கில் நொதிக்க வைக்க வேண்டும். இத்தனையும் செய்து மூன்று விழுக்காடு ஆல்கஹாலுக்கு என்ன விலை வைப்பது? பளிச்சென்ற லாகரும் டிவி விளம்பரமும் வந்துகொண்டிருந்த காலத்தில் வாங்குவோர் குறைந்தார்கள். கட்டுப்படியாகவில்லை, மூடினார்கள். உள்ளூர்க்காரன் கணக்குப் புத்தகத்திலும் கூட்டல் கழித்தல் அதே விதிப்படிதான் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவார்கள். இந்தப் பியரின் பொற்காலம் எது? ஊர் பிரஷ்யாவின் கீழ் இருந்து, பியர் ‘கிரேட்சர்’ என்ற ஜெர்மன் பெயரில் எல்லை தாண்டி விற்ற காலம். அந்த ஊரின் பல ஆலைகளை ஒற்றையாலையாக ஆக்கி, அதையும் பெரிய அரசு நிறுவனமொன்றின் ஓரத்து வாலாக ஒட்டவைத்த காலம் எது? போலந்துக்காரர்களே ஆண்ட காலம். பியர் மறுபடி உயிர்த்தது எப்படி என்பதும் இந்த வாதக்காரர்களுக்கு இடைஞ்சல்தான். வீட்டில் பியர் காய்ச்சும் ஆர்வலர்களின் சங்கம் பழைய தொழிலாளர்களின் நினைவையும் பழைய குறிப்புகளையும் தேடிப் பிடித்தது. நுண்ணுயிர்ச் சேகரிப்பில் பத்திரப்படுத்தியிருந்த க்ரோஜிஸ்க் ஈஸ்ட் கைக்கு வந்தது. ஆனால் ஓக் புகை போட்ட கோதுமை மால்ட் போலந்தில் கிடைக்கவில்லை. அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வையர்மான் நிறுவனம். 2015-இல் க்ரோஜிஸ்கிலேயே பழைய ஆலையில் பியர் மறுபடி காய்ச்சத் தொடங்கினார்கள். சொந்தக்காரர்கள் கைவிட்டதை மீட்கிற நேரத்தில் மூலப்பொருளுக்கு அந்நியனிடம்தான் போக வேண்டியிருந்தது என்பதை எந்தத் தேசபக்தக் கட்டுரையிலும் காணோம்.

மாறாக, அந்நியன் கையில் அகப்பட்டும் சாகாத பழைய பியர் ஒன்று உண்டு: பால்டிக் போர்ட்டர். இங்கிலாந்திலிருந்து பால்டிக் கடல் வழியாக வந்துகொண்டிருந்த கருத்த, கனத்த போர்ட்டரை உள்ளூரில் லாகர் ஈஸ்ட் போட்டுக் குளிரில் நொதிக்க வைத்துத் தமதாக்கிக்கொண்டார்கள். ஜிவியெட்ஸ் போர்ட்டரை இப்போது காய்ச்சுவது 1846-இல் கட்டிய சியெஷின் ஆலை. ஒன்பதரை விழுக்காடு ஆல்கஹால், கருகிய சர்க்கரையும் உலர் பழமும் மணக்கும் சரக்கு. வாரக்கணக்கில் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கும். லாபத்தை மட்டும் பார்த்தால் முதலில் தூக்கியெறிய வேண்டியது இதைத்தான். ஹைனெகெனின் கீழேதான் அது இன்னும் ஓடுகிறது. ஓகோச்சிம் போர்ட்டரும் கார்ல்ஸ்பெர்க்கின் கீழ் வந்தது. அதே சியெஷினில்தான், வீட்டில் காய்ச்சுவோருக்கான போட்டியில் முதல் பரிசு பெற்ற பியரைப் பெருமளவில் காய்ச்சி, டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் நாளன்று நாடு முழுவதும் விற்பனைக்கு விட்டார்கள். பாரம்பரியத்தை அழிக்க வந்தவர்களுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டால், ‘விளம்பரத்துக்காக’ என்கிறார்கள். இருக்கட்டுமே, விளம்பரத்துக்காகக் காய்ச்சினாலும் போர்ட்டர் போர்ட்டர்தான்.

மற்ற குற்றச்சாட்டுகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கசப்புக்கு மாட்டுப் பித்தநீர் கலக்கிறார்கள் என்பது, கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் விலை தெரியாதவர்கள் பரப்பும் கட்டுக்கதை. கெட்டியாகக் காய்ச்சிப் பிறகு தண்ணீர் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. உலகெங்கும் பெரிய ஆலைகளில் நடப்பதுதான், ரகசியமும் அல்ல. லாபம் நாட்டைவிட்டுப் போகிறது என்பதும் உண்மையே. லெஜாய்ஸ்க் ஆலையை ஜிவியெட்ஸ் குழுமம் 2023-இல் மூடியதும் உண்மை, வருத்தப்பட வேண்டியதுதான். ஆனால் ஓர் ஆலை மூடப்பட்டதும் ஒரு நாட்டின் பியர் செத்ததும் ஒன்றாகிவிடுமா?

கடைசியாக மிஞ்சுவது ‘போலந்து முதலீடு’ என்ற முத்திரை. அந்த முத்திரையோடு விற்பதில் பெரும்பகுதி என்ன? போலந்து முதலாளிகளின் வான் பூர் நிறுவனம் சூப்பர்மார்க்கெட்டுகள் தங்கள் பெயரில் விற்கும் மலிவு டப்பா பியரைக் கோடிக்கணக்கில் நிரப்பித் தருகிறது. லூப்ளினின் பெர்வா ஆலையும் முதன்மையாக விற்பது அதே வெளிர் லாகர்தான். அந்நியன் காய்ச்சினால் ‘சாறற்ற தண்ணீர்’, உள்ளூர்க்காரன் காய்ச்சினால் ‘மண்ணின் சுவை’. கண்ணைக் கட்டிவிட்டுக் குடிக்கச் சொன்னால் இந்த வித்தியாசம் எத்தனை பேர் நாக்கில் தங்கும்? ‘அதனால்தான் சிற்றாலைகள் வந்தன’ என்பார்கள். வந்தன, நன்றாகவே வந்தன. 2011-இல் பிண்டா நிறுவனம் வெளியிட்ட ‘அட்டாக் ஹ்மியெலு’வைத்தான் அந்த எழுச்சியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். அது அமெரிக்க பாணி ஐ.பி.ஏ. வகைப் பியர்; நாசியில் ஏறும் எலுமிச்சை, பைன் மணம் முழுக்க அமெரிக்க ஹாப்ஸிலிருந்து வந்தது. லூப்ளின் வட்டாரத்தில் கம்பியேறிப் படர்ந்து நிற்கும் மரின்கா, லூபெல்ஸ்கி ஹாப்ஸ் வகைகள் அந்நேரம் எங்கே போயின? பெரிய ஆலைகளின் லாகர்களுக்குத்தான். அந்த லூபெல்ஸ்கியின் பூர்வீகமும் செக் நாட்டு ஷாடெட்ஸ் ஹாப்ஸ் என்பது வேறு கதை. டச்சு முதலாளியின் பாட்டிலில் லூப்ளின் ஹாப்ஸ், போலந்துத் தேசபக்தரின் பாட்டிலில் அமெரிக்க ஹாப்ஸ். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதைக் காட்டி ‘அந்நியம்’ என்பார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பதிலுக்குப் பழைய வாசகத்தையே கொஞ்சம் உரக்கச் சொல்வார்கள்.