புகையின் உயரத்தை மேலிருந்து அளத்தல்

காட்டுத்தீப் புகை, பாலைவனத் தூசு, எரிமலைச் சாம்பல் என்று காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கு ஏரோசால் என்பது பொதுப்பெயர். இவற்றை அளப்பது குறித்து ஒரு கருத்து பரவலாக நிலைத்திருக்கிறது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் துகள்களின் மொத்த அளவை மட்டுமே சொல்ல முடியும், உயரம் தெரிய வேண்டுமானால் லேசர்தான் வழி என்பதே அது. ஒற்றைக் கேமரா எடுத்த ஒற்றைப் படத்துக்கு இது சரி. அதற்கு மேல் இது செல்லாது.

மேலிருந்து பார்த்தால் ஆழம் புலப்படாது என்பது முதல் வாதம். பார்வைக் கோணம் ஒன்றாக இருந்தால்தான் புலப்படாது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மிசர் கருவிக்கு ஒன்பது கேமராக்கள்: ஒன்று நேர்க்கீழே, நான்கு முன்னோக்கி, நான்கு பின்னோக்கி. ஒரே இடத்தை இவை ஒன்பதும் சுமார் 7 நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் படமெடுத்துவிடும். 3 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புகை, 45.6 பாகை சாய்ந்த கேமராவில் தரையோடு ஒப்பிட ஏறத்தாழ 3 கிலோமீட்டர் விலகித் தெரியும். ஒரு பிக்சல் 275 மீட்டர் என்பதால் பதினொரு பிக்சல் விலகல்; எளிதில் அளந்துவிடலாம்.

அந்த 7 நிமிடத்தில் காற்றும் புகையைத் தள்ளிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதற்குள் புகையை 4 கிலோமீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். ஆனால் உயரத்தால் வரும் விலகல் செயற்கைக்கோள் செல்லும் திசையில் மட்டுமே விழும். குறுக்கே தெரியும் விலகல் காற்றின் வேலை. புகையின் வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தால் காற்றின் திசை கிடைக்கும். குறுக்கு நகர்வோடு அதைச் சேர்த்தால் வேகமும் கிடைக்கும். அதைக் கழித்தபின் எஞ்சுவது உயரம். காற்று செயற்கைக்கோள் தடத்தின் போக்கிலேயே வீசும்போதுதான் இந்தக் கணக்கு தடுமாறும்.

லேசர் இல்லாத கருவிக்கு அளவுகோலே கிடையாது என்பது அடுத்த வாதம். அளவுகோல் காற்றிலேயே இருக்கிறது. வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு, எங்கும் சீராகக் கலந்தது. 760 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அது உறிஞ்சும். உயரத்தில் நிற்கும் தூசில் பட்டுத் திரும்பும் ஒளி கடந்து வந்த ஆக்சிஜன் குறைவு, எனவே உறிஞ்சலும் குறைவு. தாழ்ந்த தூசிலிருந்து திரும்பும் ஒளியில் உறிஞ்சல் மிகுதியாக இருக்கும். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரொப்போமி கருவி இந்த முறையில்தான் உயரம் கணக்கிடுகிறது.

பளிச்சிடும் தரைக்கு மேல் இந்த முறை தவறும் என்ற குறை உண்மையே. தரையிலிருந்து வரும் ஒளி மிகுந்து, படலம் இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். அதற்காக முறையையே தள்ளிவிட வேண்டியதில்லை. பச்சை இலை 764 நானோமீட்டரில் பளிச்சிடும், 688 நானோமீட்டரில் இருண்டிருக்கும். ஆக்சிஜனுக்கு அங்கேயும் ஓர் உறிஞ்சல் பட்டை உண்டு. 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பூமியைப் பார்க்கும் எபிக் கேமரா இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதால், காட்டுக்கு மேல் நிற்கும் புகையின் உயரத்தையும் கணிக்க முடிகிறது.

லேசரின் துல்லியத்தை யாரும் மறுக்க முடியாது. 2006 முதல் 2023 வரை இயங்கிய லேசர் செயற்கைக்கோள் கலிப்சோ, தாழ்ந்த வளிமண்டலத்தை 30 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற படலங்களையும் தனித்தனியே காட்டியது. ஆனால் அதன் கற்றை தரையில் 100 மீட்டர் அகலம்கூட இல்லை. அதே தடத்துக்கு அது திரும்பி வர 16 நாள் ஆகும். இடையில் எழுந்து பரவிய புகை அதன் கண்ணில் படாமலே போகலாம். எபிக் பூமியின் பகல் முகம் முழுவதையும் ஒரே நாளில் பலமுறை பார்க்கிறது.

மொத்த அளவே போதும், உயரம் வெறும் கூடுதல் விவரம் என்பது எஞ்சிய வாதம். ஆனால் புகை எதற்கு மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவே மாறும். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் தீப்புகை அட்லாண்டிக் கடலின் வெண்மேகங்களுக்கு மேல் பரவினால் வெயிலை உறிஞ்சி வெப்பம் கூட்டும். அதே புகை மேகமில்லாத இருண்ட கடல்மேல் நின்றால் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்ச்சி தரும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாத்லயோகுத் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வழிகள் மூடப்பட்டபோது, சாம்பல் எவ்வளவு என்பதோடு எந்த உயரத்தில் என்பதும் தெரிய வேண்டியிருந்தது. விமானம் பறப்பது குறிப்பிட்ட உயரங்களில்தான்.