கொலஸ்ட்ராலைத் தின்னும் பாக்டீரியா: நண்பனா, எதிரியா?

கொலஸ்ட்ரால் என்றாலே நம் வீடுகளில் ஒரு பயம். முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குவார்கள், வடையைக் காகிதத்தில் அழுத்தி எண்ணெயை எடுப்பார்கள். அந்தக் கொலஸ்ட்ராலையே உணவாக்கி வாழும் பாக்டீரியாக்கள் உண்டு என்று வகுப்பில் படித்ததும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி: "அப்ப அதையே மாத்திரையா முழுங்கிடலாமே?"

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் தப்பான இடத்தில் தேடுகிறோம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கொலஸ்ட்ராலில் 27 கார்பன் அணுக்கள். ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வளையங்கள், கூடவே ஒரு வால். நம் உடலால் இந்த வளையங்களை உடைக்க முடியாது. பித்த அமிலமாக மாற்றி வெளியே அனுப்பத்தான் தெரியும். மண்ணில் வாழும் ரோடோகாக்கஸ், மைக்கோபாக்டீரியம் போன்றவற்றுக்கு அது முடியும். கொலஸ்ட்ராலை உண்ணும் பாக்டீரியா பற்றிய தகவல் 1913-லேயே வெளிவந்துவிட்டது.

பாக்டீரியா என்ன செய்கிறது? முதலில் ஒரு நொதி வளையத்தின் ஓரத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. வால் பகுதி, கொழுப்பு அமிலம் சிதைவதைப் போலவே, துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. வேறு இரண்டு நொதிகள் சேர்ந்து வளையத்தைத் திறந்துவிடுகின்றன. மிச்சமெல்லாம் ஆற்றலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போய்விடும்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்?

முதல் லாபம் பரிசோதனைக் கூடத்தில். முன்பு ரத்தத்தில் கொலஸ்ட்ராலை அளக்க அடர் கந்தக அமிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1970-களில் நொதி முறை வந்தது. பாக்டீரியாவிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ், கொலஸ்ட்ராலோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இன்னொரு நொதி அதைக் கொண்டு ஒரு சாயத்தை உருவாக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால்! உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் அந்த எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு நொதிதான் இருக்கிறது.

இரண்டாவது லாபம் மருந்துத் தொழிலில். 1940-களின் கடைசியில் கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தது. ஆனால் அதை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரித்தார்கள். விலை எட்டாத உயரம். பிறகு மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு கைகொடுத்தது. 1970-களில் கிழங்கின் விலை ஏற, கம்பெனிகள் மைக்கோபாக்டீரியத்தின் பக்கம் திரும்பின. சோயா எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் தாவர ஸ்டீரால்களை அதற்குக் கொடுத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முழுசாகத் தின்னும் பாக்டீரியாவால் இங்கே பயனே இல்லை! வளையத்தை உடைக்கும் நொதிகளை முடக்கிய ரகம் வேண்டும். அது வாலை மட்டும் கடித்துவிட்டு, 19 கார்பன் கொண்ட வளையத்தை அப்படியே விட்டுவிடும். அந்த மிச்சத்திலிருந்துதான் ஹார்மோன்களும் ஸ்டீராய்டு மருந்துகளும் தயாராகின்றன. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிற பாக்டீரியாதான் நமக்குச் சோறு போடுகிறது.

இப்போது அந்த மாத்திரைக் கேள்விக்கு வருவோம். கொலஸ்ட்ரால் நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. அது இல்லாமல் உயிரே இல்லை. அதைத் தின்னும் ஒரு பாக்டீரியா உடலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யவே வேண்டாம். ஏற்கெனவே ஒன்று புகுந்திருக்கிறது. அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ், காசநோய்க் கிருமி! நம் நோய் எதிர்ப்பு செல்களுக்குள்ளேயே பதுங்கி, அங்கிருக்கும் கொலஸ்ட்ராலைச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறது. கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கும் அமைப்பை நீக்கிவிட்டால் அது எலிகளில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

குடல் பாக்டீரியாக்கள் வேறு கதை. சில வகைகள் கொலஸ்ட்ராலை உடல் உறிஞ்ச முடியாத பொருளாக மாற்றுகின்றன. அவை இருப்பவர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைவு என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அது இன்னும் மருந்தாகவில்லை. இதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, விளம்பரத்தில் வரும் பொடியை வாங்கினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வகுப்பில் செமினார் என்றால் பத்தில் எட்டுப் பேர் "கொழுப்பைக் குறைக்கும் தயிர்" பக்கம்தான் போகிறார்கள். அதே நொதிகளை எப்படித் தடுத்து நிறுத்துவது, காசநோய்க் கிருமியை எப்படிப் பட்டினி போடுவது என்று யோசிக்க ஆள் குறைவு. தயிர் ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயோடெக்னாலஜி படிக்கும் நம்மில் நாலு பேராவது இந்தப் பக்கம் வர வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?