சாம்பிராணி சாமிக்குப் போடுங்க, சிங்க்குக்குப் போடாதீங்க



கோயில் அன்னதானத்துல பாத்திரம் கழுவுற தொண்டர்கள் நாங்க. வேலை செய்துகிட்டே வீட்டுக் கதை பேசுவோம். அதுல அக்காமார் அடிக்கடி சொல்ற குறை ஒண்ணு: "சமையல்கட்டுல சாக்கடை நாத்தம் தாங்கல, வெள்ளிக்கிழமை விளக்கேத்தவே சங்கடமா இருக்கு." என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, சாம்பிராணி போட்டோம், குளோராக்ஸ் ஊத்தினோம்னு சொல்றாங்க. ரெண்டு நாள் வாசனை, மூணாவது நாள் பழைய நாத்தம்.

எங்க கருத்து இதுதான்: நாத்தத்தை மறைக்கக் கூடாது. எங்கிருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அதுவரைக்கும் எதையும் ஊத்த வேண்டாம், யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம்.

ஃபேக்டரியில மெஷின் கெட்டா, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்திப் பார்ப்போம். வீட்டுலயும் அப்படித்தான். ராத்திரி வேலை முடிஞ்சதும் சிங்க் ஓட்டை, சிங்க் ஓரத்துல மேலே இருக்கிற சின்ன ஓட்டை, தரையில தண்ணி போற ஓட்டை, இந்த மூணையும் பிளாஸ்டிக் வச்சு டேப் போட்டு மூடுங்க. காலையில ஒவ்வொண்ணா திறந்து மோந்து பாருங்க. எதைத் திறந்ததும் நாத்தம் அடிக்குதோ, அங்கதான் வேலை. மூணும் மூடியிருந்தும் நாத்தம் வந்தா, சிங்க்குக்குக் கீழே அலமாரிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க.

நாங்க பார்த்த வரைக்கும் காரணம் பெரும்பாலும் மூணுதான்.

1. தண்ணி வத்திப்போறது. சிங்க்குக்குக் கீழே வளைஞ்ச பைப்போ, கிண்ணம் மாதிரி ஒண்ணோ இருக்கும். தரை ஓட்டைக்குள்ளயும் அதே மாதிரி உண்டு. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் சாக்கடைக் காத்தைத் தடுக்கிற கதவு. பல நாள் வீட்டைப் பூட்டிட்டு வெளியூர் போனா, இல்லன்னா தரை ஓட்டையில தண்ணியே விடாம இருந்தா, அது காஞ்சிடும். ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, சரியாயிடும்.

2. இடைவெளி. சிங்க்குல இருந்து வர்ற மடிப்பு மடிப்பான ஹோஸை, தரை பைப்புக்குள்ள சும்மா சொருகி வச்சிருப்பாங்க. சுத்தி இருக்கிற இடைவெளி வழியா நாத்தமும் கரப்பானும் மேலே வரும். ஹார்ட்வேர் கடையில ரப்பர் வளையம் கிடைக்கும். இல்லன்னா சிலிக்கான் வச்சு அடைச்சிடலாம். எங்ககூட சேவை செய்ற ஒரு அக்கா வீட்டுல, தரையை உடைக்கணும், 2,000 வெள்ளி ஆகும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாராம். கடைசியில பார்த்தா இந்த இடைவெளிதான் காரணம். 10 வெள்ளிகூட ஆகல.

3. எண்ணெய். சூடா ஊத்தும்போது தண்ணி மாதிரி ஓடும், உள்ளே ஆறினதும் பைப்புல அப்பிக்கும். அதுல சோறு, பருப்பு ஒட்டி அழுகும். கீழே வாளி வச்சுட்டு அந்தக் கிண்ணத்தைக் கையால திருகிக் கழட்டுங்க. பழைய பிரஷ், பாத்திர சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி போதும். ஹோஸ் மடிப்புல அழுக்கு ஏறியிருந்தா புதுசே வாங்கி மாட்டுங்க.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நம்ம வீடுகள்ல எண்ணெய் வாணலியில இருந்து மட்டும் போறதில்ல. விளக்குல மிஞ்சின எண்ணெயும் திரித்துண்டும் சிங்க்குலதான் போகுது. வீட்டு அபிஷேகப் பாலும் பஞ்சாமிர்தமும்கூட அங்கதான். பால்ல இருக்கிறதும் கொழுப்புதானே? விளக்கை டிஷ்யூவால துடைச்சு, அதைக் குப்பையில போட்ட பிறகு கழுவுங்க. அபிஷேகப் பால்ல நிறைய தண்ணி கலந்து, கால் படாத இடத்துல செடிக்கு ஊத்துங்க. அதுதானே நம்ம பெரியவங்க வழக்கம். பொரிச்ச எண்ணெயைப் போத்தல்ல சேர்த்து வைங்க, வாங்கிக்கிறவங்க இருக்காங்க.

ரொம்ப முக்கியமானது: குளோராக்ஸையும் டாய்லெட் கழுவுற ஆசிட்டையும் ஒண்ணா ஊத்தவே கூடாது. வினிகரும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் பாதிக்கும். சின்ன சமையல்கட்டுல கதவைச் சாத்திட்டு இதைச் செய்றவங்க இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறோம். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். கண்ணுல தெறிச்சா பார்வை போயிடலாம். எண்ணெயோட சேர்ந்து சோப்புக் கட்டியாகி பைப்பையே அடைச்சிடவும் செய்யும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தண்ணி மெதுவா இறங்கி, களக் களக்னு சத்தம் கேட்டா, அடைப்பு உள்ளே தள்ளி இருக்கு. அப்போ பிளம்பரைக் கூப்பிடுங்க. அடுக்குமாடியா இருந்தா நிர்வாகத்துக்கிட்ட சொல்லுங்க, பைப் பொதுவா இருக்கலாம்.

இது பெண்கள் வேலைன்னு ஆண்கள் ஒதுங்கிப் போகாதீங்க. அம்மாவும் மனைவியும் தினமும் நிக்கிற இடம் அது. இந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு சிங்க்குக்குக் கீழே பாருங்க. சுத்தமான வீட்டுல ஏத்துற விளக்குக்கு அழகே தனி.

சந்தேகம் இருந்தா ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துல கேளுங்க, பாத்திரம் கழுவுற இடத்துலதான் இருப்போம்.

அன்பே சிவம்.