போன் இருக்கிறது, மேசை எங்கே?

"இப்ப எல்லாப் பிள்ளைக்கிட்டயும் போன் இருக்கு, நெட் இருக்கு. இங்கிலீஷ் விளங்காட்டி போனே தமிழாக்கித் தருது. இனியும் தோட்டத்துப் பிள்ளை கேம்பஸ்ல பின்னுக்கு நிக்குதுன்னா அது சோம்பல்தான்."

கலவான டவுனிலும் கேட்கலாம், இரத்தினபுரியிலும் கேட்கலாம் இந்தப் பேச்சை. சொல்கிறவர்களில் ஆசிரியர்கள் உண்டு, தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்களும் உண்டு. அதனாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் போன். வீட்டில் ஒரு போன் இருக்கும். அதை அப்பா வேலைக்குக் கொண்டுபோவார், தம்பியின் பள்ளிக்கூட வேலையும் அதற்குத்தான் வரும். சரி, தனிப் போனே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விரிவுரை பார்க்க அது போதும். இருபது பக்க அசைன்மென்டை அட்டவணையோடு அதில் அடித்துப் பாருங்கள், தெரியும். முடியாமல் பிள்ளை கொமினிகேஷன் கடைக்குப் போகிறது. தமிழில் எழுதிய பகுதியைக் கடைக்காரர் பழகிய பாமினி எழுத்துருவில் அடித்துத் தருகிறார். பென்டிரைவில் வந்த அதே கோப்பைப் போனில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. யூனிகோடுக்கு மாற்ற இன்னொரு நடை, இன்னொரு செலவு. லெப்டொப் வாங்கலாமே என்பார்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று 2021இல்தான் வர்த்தமானி வந்தது. அடுத்த ஆண்டே டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, லெப்டொப் விலையையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்தது, "வீட்டிலிருந்தே படிக்கலாம்" என்பது. எந்த வீடு? பழைய லயத்தில் ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள்தான் படுக்கை, உடுப்பு, சாமிப்படம், டிவி எல்லாம். வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போகிற வருகிற எல்லோரும் விசாரிப்பார்கள். மைக்கைத் திறந்தால் பக்கத்துக் காம்பராச் சண்டையும் வகுப்புக்குள் வரும். மழை பிடித்தால் தகரக்கூரைச் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்காது. பிள்ளை கமராவையும் மைக்கையும் மூடிவைக்கிறது. விரிவுரையாளர் அதை அக்கறையின்மை என்று கணக்கெடுக்கிறார். பெயர் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அவர் வேறென்ன நினைப்பார்?

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலவான சிங்கராஜ வனத்தின் ஓரம், மேடும் பள்ளமுமான இடம், ஓயாத மழை. 2003 மே, 2017 மே வெள்ளங்களைக் கண்டவர்களுக்கு இங்கே கரண்ட்டும் கோபுரமும் எப்படிப் படுத்துவிடும் என்று தெரியும். கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழக மாணவருக்கு லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புகளை இலவச டேட்டாவில் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் டேட்டா இலவசமானதால் மேட்டுக்கு இந்தப் பக்கம் சிக்னல் வந்துவிடவில்லை.

மொழிக்கு வருவோம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்குப் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பட்டப்படிப்புகள் ஆங்கிலத்தில். செயலி உதவும், மறுக்கவில்லை. இங்கே பள்ளிப் புத்தகத்தில் ஆர்முடுகல் என்று படித்தவளுக்கு அது முடுக்கம் என்று தருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சை மண்டபத்துக்குள் போன் போகாதே, அங்கே யார் மொழிபெயர்ப்பது?

கேம்பஸில் இன்னொரு மொழியும் ஓடுகிறது. பாடக்குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் சந்தேகத்துக்கு விளக்கம் பல நேரம் சிங்களத்தில் வரும். வாட்ஸ்அப் குழுவிலோ ஆங்கில எழுத்தில் அடித்த சிங்களம். அதைச் செயலியில் போட்டால் உளறும். கலவானப் பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வளர்ந்தவள் அல்லவா. சிங்கள எழுத்தில் அறிவித்தல் வந்தால் மட்டும் தடுமாறுவாள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த தோழிக்கு "நாளைக்கு லெக்சர் இல்லையாம்" என்று சொல்லிக்கொடுப்பவள் இவள்தான். இவளையா சோம்பேறி என்கிறீர்கள்?

"அப்படியென்றால் சிறுவயதிலேயே சிங்கள மீடியத்தில் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு யோசனையும் வரும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பலர் சேர்த்தும் விட்டார்கள், பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்பு இல்லாததால். அதனால் ஆங்கிலச் சிக்கல் தீரவில்லை. பிள்ளைக்குத் தமிழ் எழுத வராமல் போனதுதான் மிச்சம்.

போன் வந்ததில் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்டி மற்றக் கடமைகளிலிருந்து கைகழுவுவதைத்தான் மறுக்கிறேன். தோட்ட நிர்வாகங்களுக்கும் பிரதேச சபைக்கும் ஒரு வேண்டுகோள்: தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவம் மாலை ஐந்து மணிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது. இரவு ஒன்பது வரை அதைத் திறந்துவையுங்கள். நாலு மேசை, நல்ல வெளிச்சம், ஒரு இணைய இணைப்பு, யூனிகோடில் தமிழ் அடிக்கக்கூடிய இரண்டு கணினி போடுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் படிக்காவிட்டால் சோம்பலைப் பற்றிப் பேசலாம்.